குளத்துக்காரர் மகன்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து நாலு மாசம் ஆயிற்று. ஆபீசில் ஆடிட், தில்லியில் புகை, வீட்டில் ஆளுக்கொரு இருமல் என்று சாக்குகள் கைவசம் நிறைய உண்டு. ஆனால் இன்றைக்கு எழுதாமல் தூங்கப் போவதில்லை. சின்னவள் ஒரு கேள்வி கேட்டுவிட்டாள். என்னிடம் பதில் இருந்தது, ஆனால் சொல்கிற மாதிரி இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் மனுஷன் என்ன செய்வான்? பதிவு எழுதுவான்.

கேள்வி என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஒரு சிங்கப்பூர்க்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சின்னவளுக்குப் பதின்மூன்று வயது. நீந்துவாள். 'நன்றாக நீந்துவாள்' என்று எழுதினால், "ஸ்கூல் போட்டியில நாலாவதா வந்ததுக்கு இவ்வளவு அலட்டலா?" என்று தங்கமணி கேட்பாள். அதனால் நீந்துவாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். போன மாதம் பள்ளிக்கூடத்தில் தில்லியில் நடந்த பெரிய விளையாட்டுப் போட்டிகளைப் பற்றி ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். எல்லோரும் கிரிக்கெட், ஹாக்கி என்று ஓட, இவள் மட்டும் நீச்சல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அப்பாவும் பெண்ணுமாக ராத்திரி உட்கார்ந்து தேடியதில் கிடைத்தவர்தான் ஆங் பெங் சியோங். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குப் பெயரைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். மற்றவர்கள் என்னை மாதிரி "யாருப்பா இது?" என்று கேட்கலாம், தப்பில்லை.

கொசுவத்தியை 1982க்குச் சுற்றுகிறேன். நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அப்போது நான் கும்பகோணத்தில் இரண்டாம் வகுப்பு. எங்கள் தெருவில் டிவியே கிடையாது, இதில் கலர் டிவி எங்கே? எனக்குத் தெரிந்த ஏஷியாட் என்பது ஜாமெட்ரி பாக்ஸில் ஒட்டிய அப்பு யானை ஸ்டிக்கர் மட்டும்தான். அந்த யானைக்குப் பின்னால் தில்லியே மாறிக்கொண்டிருந்தது என்பது இங்கே வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. மேம்பாலங்கள், நேரு ஸ்டேடியம், சிரி ஃபோர்ட் பக்கம் ஏஷியாட் வில்லேஜ், அப்புறம் தால்கட்டோராவில் நீச்சல்குளம். தால் என்றால் குளம், கட்டோரா என்றால் கிண்ணம். பழைய முகலாயத் தோட்டம் இருந்த இடம். பெயரிலேயே குளம் இருக்கிற இடத்தில் குளம் கட்டியவரைக்கும் பொருத்தம்தான்.

அந்தப் போட்டியில் ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வாங்கியவர் ஆங் பெங் சியோங். அப்போது அவருக்கு இருபது வயது. ஜப்பானும் சீனாவும் பதக்கங்களை வாரிக்கொண்டு போன நீச்சலில், ஒரு சின்னத் தீவிலிருந்து வந்த பையன் முதலில் சுவரைத் தொட்டிருக்கிறான். அந்த ஏஷியாட் முழுக்க சிங்கப்பூருக்குக் கிடைத்த ஒரே தங்கம் அதுதான். சின்னவள் இதைப் படித்துவிட்டு, "சிங்கப்பூர் எவ்வளவு பெரிசுப்பா?" என்றாள். இன்றைய தில்லி எல்லைக்குள் கிட்டத்தட்ட இரண்டு சிங்கப்பூரை வைக்கலாம். 1981 கணக்கெடுப்பில் தில்லியின் ஜனத்தொகை 62 லட்சம். அப்போது சிங்கப்பூரில் மொத்தமே 25 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். "அப்போ நம்மகிட்ட எத்தனை மெடல்?" என்பது அடுத்த கேள்வி. நீச்சல் பந்தயங்களில் அந்த வருடம் இந்தியாவுக்கு ஒன்றுமில்லை. வாட்டர் போலோவில் வெண்கலம் வந்தது, அதுவே பெரிய ஆறுதல்.

சரி, அந்தப் பையன் எங்கிருந்து வந்தான்? இதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த இடம்.

அப்பா பெயர் ஆங் டெக் பீ. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் மலேசிய வீரராக ஜூடோ ஆடியவர். பிழைப்புக்கு என்ன செய்தார் தெரியுமா? ஃபேரர் பார்க் பொது நீச்சல்குளத்தில் மேற்பார்வையாளர். ஃபேரர் பார்க் என்றதும் சிங்கப்பூர் போய்வந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். சிராங்கூன் ரோடு, பெருமாள் கோயில், முஸ்தபா கடை எல்லாம் அந்தப் பக்கம்தானே. அந்த வட்டாரத்து ஜனங்கள் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி இறங்கிய சாதாரணப் பொதுக்குளம் அது. அதைப் பார்த்துக்கொண்ட அப்பா, தன் பிள்ளைக்கு அங்கேயே நீச்சல் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பிள்ளைதான் பிற்பாடு தில்லிக்கு வந்து தங்கம் வாங்கினார்.

எனக்கு வெட்கமாக இருந்த விஷயம் ஒன்று உண்டு. 2008ல் அக்கா வீட்டுக்கு சிங்கப்பூர் போனபோது அந்தக் குளத்தை நான் பார்த்திருக்கிறேன். பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு அக்காவோடு நடந்து வந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் சாயங்கால வெயிலில் வாண்டுகள் நீந்திக்கொண்டிருந்தார்கள். கரையில் ஒருவர் கையில் ஸ்டாப்வாட்சோடு நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்த லட்சணம், முஸ்தபாவில் வாங்க வேண்டிய கோடாலித் தைலத்தின் கணக்கை மனசுக்குள் போட்டுக்கொண்டே நடந்ததுதான். பொதுமக்களுக்கான குளமாக அது 2003ல் மூடப்பட்ட பிறகு, ஆங் பெங் சியோங் தன் நீச்சல் பள்ளியை நடத்தியது அதே குளத்தில்தான் என்பதை இப்போதுதான் தெரிந்துகொண்டேன். அப்பா வேலை பார்த்த குளத்தில் மகன் வாத்தியார்.

நடுவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது 'ஏழைப் பையன் ஜெயித்தான், சுபம்' வகைக் கதை இல்லை.

ஆங் படித்தது அமெரிக்காவில், ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில். தில்லிக்கு வருவதற்கு மூன்று மாதம் முன்னால், 1982 ஆகஸ்டில், அமெரிக்க தேசியப் போட்டியில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 22.69 விநாடியில் நீந்தினார். அந்த வருடம் உலகத்திலேயே அதைவிட வேகமாக அந்த தூரத்தை யாரும் நீந்தவில்லை. 50 மீட்டர் என்பது குளத்தின் ஒரு நீளம், அவ்வளவுதான். திரும்புதல் கிடையாது, யோசிக்க நேரம் கிடையாது, மூச்சை நன்றாக இழுத்துவிட்டால் ஒரு இடம் பின்னால் போய்விடும். அந்த ஒரு நீளத்தில் உலகத்திலேயே முதல் ஆள்.

ஆனால் பாருங்கள் விதியை. அந்தக் காலத்து ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் என்கிற பந்தயமே கிடையாது! 1904ல் ஒரே ஒரு முறை 50 கஜம் என்று வைத்தார்கள். அப்புறம் 1988 சியோல் வரைக்கும் இல்லை. 1984 லாஸ் ஏஞ்சலஸில் அவர் 100 மீட்டரில்தான் இறங்க வேண்டியிருந்தது. முதல் எட்டுப் பேரில் வரவில்லை. அடுத்த எட்டுப் பேருக்கு நடத்தும் ஆறுதல் இறுதிப் போட்டியில் 51.09 விநாடியில் முதலாவதாக வந்தார். அதாவது மொத்தத்தில் ஒன்பதாவது. 1988ல் ஒருவழியாக 50 மீட்டர் வந்தபோது அவருக்கு வயது 25ஐத் தாண்டிவிட்டது, உச்சம் போய்விட்டது. அமெரிக்காவின் மாட் பியாண்டி 22.14ல் உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். ஆங் இறுதிச் சுற்றுக்கே வரவில்லை.

நம் ஊர் மாமாக்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் என்ன சொல்வார்கள்? "கடைசியில ஒலிம்பிக் மெடல் இல்லைதானே? அப்புறம் எதுக்கு இவ்வளவு?" (சொல்லிப் பார்த்தேன். இதையேதான் சொன்னார்கள்.)

அந்த 'எதுக்கு'க்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, அந்த 22.69. முப்பத்துமூன்று வருடம் சிங்கப்பூரில் அதை யாராலும் தாண்ட முடியவில்லை. 2015ல் தென்கிழக்காசிய விளையாட்டில், சொந்த ஊர்க் குளத்தில், ஜோசப் ஸ்கூலிங் என்கிற பையன் 22.47ல் தாண்டினான். தில்லியில் ஆங் வாங்கிய தங்கத்துக்கு அப்புறம் ஆசிய விளையாட்டு நீச்சலில் சிங்கப்பூர் ஆண்களுக்கு அடுத்த தங்கம் 2014 இஞ்சியோனில்தான். அதுவும் ஸ்கூலிங்தான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் 50.39 விநாடி. மைக்கேல் ஃபெல்ப்ஸ், சாட் லெ க்ளோஸ், லாஸ்லோ செ என்று மூன்று ஜாம்பவான்கள் ஒரே நேரத்தில் 51.14ல் சுவரைத் தொட்டு வெள்ளியைப் பங்குபோட்டுக்கொள்ள, தங்கம் சிங்கப்பூருக்கு. அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கம்.

இரண்டாவது பதில், அந்த இடைப்பட்ட முப்பது வருடத்தில் ஆங் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது. கரையில் நின்று பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தேசிய அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகவும் இருந்தார். ஒரு விளையாட்டு வீரரின் வாழ்க்கையை நாம் பதக்க மேடையில் ஆரம்பித்து பதக்க மேடையில் முடித்துவிடுகிறோம். அவர் வாழ்க்கையில் தண்ணீருக்குள் நின்ற காலத்தைவிடத் தண்ணீருக்கு வெளியே நின்ற காலம்தான் அதிகம்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கே கேட்டார், "ஸ்கூலிங் ஜெயிச்சது பொதுக்குளத்தாலயா? அப்பா அம்மா சொந்தக் காசைக் கொட்டி பதினாலு வயசுல ஃப்ளோரிடாவுக்கு அனுப்பினதாலதானே?" நியாயமான கேள்வி. ஆமாம், உலகத்தில் முதலாவதாக வர வேண்டுமானால் காசு வேண்டும், நல்ல கோச் வேண்டும், அமெரிக்கா வேண்டும். ஆங் கூட ஹூஸ்டன் போனவர்தான். நம் குற்றாலீசுவரனை நினைத்துப் பாருங்கள். 1994ல், பதின்மூன்று வயது முடிவதற்குள் பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் நீந்தியவர், அர்ஜுனா விருது வாங்கியவர். பின்னால் ஆதரவு தர ஆளில்லாமல் நீச்சலை விட்டுவிட்டு இன்ஜினியரிங் படித்து, நம்மைப் போலவே பெட்டி கட்டிக்கொண்டு வெளிநாடு போனார். உச்சிக்குப் போகப் பணம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் சொல்ல வருவது உச்சியைப் பற்றி அல்ல, முதல் படியைப் பற்றி. ஸ்கூலிங்கும் ஒரு தங்கத்தோடு எப்போதும் ஜொலித்துக்கொண்டிருக்கவில்லை. டோக்கியோவில் 53.12, முதல் சுற்றிலேயே வெளியே. 2024ல் ஓய்வு. தங்கம் ஒருமுறை வரும், வராமலும் போகும். ஆனால் சிங்கப்பூரில் அக்கம்பக்கத்துப் பொதுக்குளங்கள் இருபதுக்கு மேல் திறந்திருக்கின்றன. ஒன்றிரண்டு வெள்ளி கொடுத்தால் யாரும் இறங்கலாம். அக்கா பிள்ளைகள் இருவரும் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் வீட்டில் யாரும் ஒலிம்பிக் போகவில்லை. ஆனால் வீட்டில் யாரும் தண்ணீரில் மூழ்கிப் போக மாட்டார்கள்.

தில்லிக்கு வருவோம். இந்த ஊர் இரண்டு ஆசிய விளையாட்டு (1951, 1982), ஒரு காமன்வெல்த் (2010) பார்த்தாகிவிட்டது. 1951ல் சச்சின் நாக் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வாங்கினார். ஆசிய விளையாட்டில் இந்தியாவின் முதல் தங்கம் அது. அதே போட்டியில் நியோ சுவீ கோக் என்கிற சிங்கப்பூர்க்காரர் நான்கு தங்கத்தோடு ஊர் திரும்பினார், அப்போது சிங்கப்பூர் தனி நாடுகூட இல்லை. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டு நீச்சலில் நம் பதக்கங்களை விரல் விட்டு எண்ணலாம். 1986ல் தில்லிக்காரர் கஜான் சிங்கின் வெள்ளி, 2010ல் வீர்தவல் காடேயின் வெண்கலம், 2014ல் இன்னொரு தில்லிக்காரர் சந்தீப் சேஜ்வாலின் வெண்கலம். தால்கட்டோராவை 2010க்காகத் திரும்பவும் கட்டினார்கள், சியாமா பிரசாத் முகர்ஜி பெயர் வைத்தார்கள். குளம் உலகத்தரம்தான். ஒரு கோடிக்கு மேல் ஜனங்கள் இருக்கிற ஊரில் எத்தனை பிள்ளைகளின் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு குளம் இருக்கிறது? பதக்கத்தை விடுங்கள். இந்தியாவில் வருடத்துக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கிச் சாகிறார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் யமுனையில் குளிக்கப்போன பையன்கள் செய்தி வரும். படிப்போம், உச்சு கொட்டுவோம், பக்கத்தைத் திருப்புவோம்.

நானெல்லாம் காவிரியில் கற்றுக்கொண்டவன். சுரைக்குடுவையை இடுப்பில் கட்டி மாமா பகவத் படித்துறையில் இறக்கிவிட்டார். யாரும் மெம்பர்ஷிப் கார்டு கேட்கவில்லை. அந்தப் படித்துறையில் யார் வீட்டுப் பிள்ளை இறங்கலாம், யார் வீட்டுப் பிள்ளை இறங்கக்கூடாது என்று ஊருக்குள் ஒரு கணக்கு இருந்தது என்பது ஏழு வயதில் எனக்குத் தெரியாது. பின்னால் தெரிந்தது. தெரிந்தபோது கோபம் வந்தது. 'நல்லவேளை, நாம் அதையெல்லாம் விட்டுவிட்டுப் பெரிய நகரத்துக்கு வந்துவிட்டோம்' என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது என் சொந்தக் கதை. எங்கள் சொசைட்டியில் ஒரு நீச்சல்குளம் உண்டு. இருபது மீட்டர்கூட இருக்காது. ஏப்ரலில் திறந்து செப்டம்பர் கடைசியில் மூடுவார்கள், தில்லிக் குளிரில் அதற்கு மேல் முடியாது. அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார், பிகாரில் தர்பங்கா பக்கம். பிள்ளைகளுக்கு அவர் 'பையா'. தண்ணீரைச் சுத்தம் செய்வது, குளோரின் போடுவது, மோட்டாரைப் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. அவர் வேலையில் சேராத ஒன்றையும் செய்தார். எங்கள் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார். என் மகளுக்குத் தண்ணீர் பயம் போனது அவரால். மூச்சை எந்தப் பக்கம் எடுப்பது என்று சொல்லிக்கொடுத்தது அவர். நான் கொடுத்தது தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸும் ஒரு கவரும்.

இந்த வருடம் மே மாதம் அவர் மனைவியையும் பையனையும் ஊரிலிருந்து அழைத்து வந்தார். பையனுக்கு ஒன்பது வயது. பக்கத்தில் கார்ப்பரேஷன் பள்ளியில் சேர்த்திருக்கிறார். பள்ளி விட்டதும் பையன் நேரே அப்பாவிடம் வந்துவிடுவான். மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான். எழுதி முடித்ததும் நீந்துகிற பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு மத்தியானம், நல்ல வெயில், குளத்தில் ஒருவரும் இல்லாத நேரம், அப்பா அவனைத் தண்ணீரில் இறக்கிவிட்டார். மூன்றாம் மாடியிலிருந்து யாரோ பார்த்து போட்டோ எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்டில் ஜெனரல் பாடி மீட்டிங். பார்க்கிங் சண்டை, லிஃப்ட் சண்டை எல்லாம் முடிந்து கடைசியில் இது வந்தது. 'ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தினரும் குளத்தைப் பயன்படுத்தக்கூடாது' என்று ஒரு விதி. "சுத்தம் முக்கியம்" என்றார் ஒருவர். "ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?" என்றார் இன்னொருவர். "மெயின்டனன்ஸ் கட்டுறது நாம" என்றார் மற்றொருவர். யாரும் கத்தவில்லை. எல்லோரும் படித்தவர்கள், என்னைப் போல. கை தூக்கச் சொன்னார்கள். ஆதரவாக நிறையக் கைகள். எதிர்ப்பு யார் என்றபோது இரண்டு கை. என் கைகள் இரண்டும் மடியில் இருந்தன. ஆதரவாகவும் தூக்கவில்லை, எதிராகவும் தூக்கவில்லை. அடுத்த மாதம் வேறொரு விஷயத்துக்கு கமிட்டியின் தயவு எனக்குத் தேவைப்பட்டது. காரணம் அவ்வளவுதான்.

மீட்டிங்கில் சொன்ன மூன்று காரணங்களையும் இப்போது நிதானமாக யோசித்துப் பார்க்கிறேன்.

சுத்தம்: குளிக்காமல் இறங்கினால் யார் இறங்கினாலும் அழுக்குதான். 'ஷவரில் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்' என்ற போர்டை மதிக்காத ஆபீசர்கள் எங்கள் சொசைட்டியிலேயே இருக்கிறார்கள். விதி அவர்களுக்கும் இருக்கட்டும், பையனுக்கும் இருக்கட்டும்.

பொறுப்பு: இது நல்ல கேள்வி, ஆனால் தலைகீழாகக் கேட்கப்பட்ட கேள்வி. அந்தப் பையன் தினமும் நாலைந்து மணி நேரம் தண்ணீரிலிருந்து பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு நீந்தத் தெரிந்தால் ஆபத்தா, தெரியாவிட்டால் ஆபத்தா? கரையில் நின்று பார்த்துக்கொள்ளப்போவது அவன் அப்பா. அவரை நம்பித்தானே நம் பிள்ளைகளை விட்டுவிட்டு நாம் மேலே போய் டீ குடிக்கிறோம்?

காசு: தண்ணீரும் குளோரினும் மோட்டார் கரண்டும் ஒரு பையன் அதிகமாக இறங்குவதால் கூடிவிடாது. ஆள் இல்லாத மத்தியானத்தில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான் பேச்சு.

நம்மைப் போல ஊரைவிட்டு வந்தவர்களுக்கு இது நன்றாகப் புரிய வேண்டும். தில்லியில் வீடு தேடிய காலத்தில் 'மதராசிக்கு வீடு இல்லை' என்ற பதிலை ஒரு முறையாவது கேட்காத தமிழ்க் குடும்பம் உண்டா? கருவேப்பிலை வாசனைக்கு மூக்கைப் பொத்தியவர்களைப் பற்றி இன்னும் கதை சொல்லிச் சிரிக்கிறோம். வேலிக்கு வெளியே நின்றவர்கள் நாம். உள்ளே வந்து இருபது வருடமானதும் வேலியைச் சரிபார்க்கிற கமிட்டியில் கௌரவமாக உட்கார்ந்துவிடுகிறோம்.

ப்ராஜெக்டுக்கு வருகிறேன். சின்னவள் சார்ட் பேப்பரில் ஆங் பெங் சியோங் படத்தை ஒட்டி, கீழே எழுத ஆரம்பித்தாள். 'இவருடைய அப்பா ஒரு நீச்சல்குளத்தின் மேற்பார்வையாளர்' என்று எழுதியவள் பேனாவை நிறுத்தினாள்.

"அப்பா, அப்போ இவர் நம்ம பையா மகன் மாதிரிதானே?"

"ம்."

"இவரை அந்தக் குளத்துல இறங்கக்கூடாதுன்னு யாராவது சொல்லியிருந்தா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. சின்னவள் விடுகிற ஜாதி இல்லை.

"ஆகஸ்ட் மீட்டிங்ல நீ கை தூக்கினியாப்பா?"

இதுதான் கேள்வி. "தூக்கலை" என்றேன். எதற்குத் தூக்கவில்லை, எந்தப் பக்கம் தூக்கவில்லை என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. பேனாவை எடுத்து மிச்சத்தை எழுதி முடித்தாள். 1982, தில்லி, 100 மீட்டர், தங்கம். ப்ராஜெக்டுக்கு பத்துக்கு எட்டு வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஏப்ரலில் குளம் திறக்கும்போது ஊழியர்களின் பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று நாள், மத்தியானம் ஒரு மணி நேரம், ஒரு பெரியவர் மேற்பார்வையில். மேற்பார்வைக்கு என் பெயரையே முதலில் போட்டிருக்கிறேன், சனிக்கிழமை எனக்கு லீவுதான். மார்ச் மீட்டிங்கில் இது வர வேண்டுமானால் இருபது வீடுகளின் கையெழுத்து வேண்டும். இதுவரை ஒன்பது. அதில் ஆகஸ்டில் கை தூக்கிய அந்த இரண்டு பேரும் உண்டு, மூன்றாம் மாடிக்காரர் இல்லை. ஒரு கையெழுத்து தங்கமணியுடையது, ஒரே வீட்டுக்கு ஒரு கையெழுத்துதான் கணக்கு என்பதால் என்னுடையதை அடித்துவிட்டார்கள்! கடிதம் எழுதியவன் கையெழுத்தே அதில் இல்லை.

விஷயத்தைப் பையாவிடம் சொன்னேன். அவர் பெரிதாகச் சந்தோஷப்படவில்லை. "வேலைக்கு ஒண்ணும் ஆகாதே சாப்?" என்று மட்டும் கேட்டார். ஆகாது என்று சொன்னேன். சொன்ன பிறகு அது என்னால் காப்பாற்ற முடிகிற வாக்குதானா என்று யோசித்தேன். கையெழுத்து வாங்கப் போகும்போது அவர் பெயரைச் சொல்லாமல் பொதுவாக 'ஊழியர் பிள்ளைகள்' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

உங்கள் அபார்ட்மென்டிலும் ஒரு குளம் இருக்கும். பார்க்கில் ஒரு பேட்மின்டன் கோர்ட் இருக்கும். அதற்குப் பக்கத்தில் யாராவது ஒரு பிள்ளை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளை ஆங் பெங் சியோங் ஆகுமா என்று என்னைக் கேட்காதீர்கள். என் மகளே ஆகப்போவதில்லை. அதற்காக அவளைக் கரையில் உட்கார வைத்துவிட்டேனா என்ன?

டிஸ்கி: மாமாக்கள் யாரும் இதைப் படித்துவிட்டு போன் செய்ய வேண்டாம். கையெழுத்துப் போட வருவதாக இருந்தால் மட்டும் வரவும். காபி உண்டு, கும்பகோணம் டிகிரி.